சிறுநகரின் ஒரு நாளை 50 நிமிட நாடகமாக்குவது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

முந்தல்ரோடு:

போடிநாயக்கனூர்ல ஒரு நாடகம் பண்ணப் போறோம். ஊரோட ஒரு நாள், அவ்வளவுதான் கரு. விடியக்காலம் கேரளா எஸ்டேட்டுக்குக் கிளம்புற ஜீப், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, ஏலக்காய் தரம் பிரிக்கிற இடம், சாயங்காலம் மலை இறங்கி வர்ற கூட்டம். மொத்தம் 8 பேர், அதுல 3 பேர் மேடையே ஏறாதவங்க. எல்லாரும் வேலைக்குப் போறவங்க, வாரத்துக்கு 3 சாயங்காலம் தலா 2 மணி நேரம்தான் கிடைக்கும். நடக்கப் போறது கல்யாண மண்டபத்துல. டிக்கெட் கிடையாது. ஸ்கிரிப்ட்டுன்னு இன்னும் எதுவும் இல்ல. முதல்ல எழுதி முடிச்சிட்டு ஒத்திகைக்குப் போறதா, இல்ல ஊருக்குள்ள போய்ப் பார்த்துட்டு வர்றதா? லைட்டு, மைக் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குறிப்புநோட்டு:

பார்த்துட்டு வாங்க. எழுதிட்டுப் பார்க்கப் போனா, எழுதினதுக்குச் சாட்சி தேடத்தான் கண்ணு போகும்.

மொத்தம் 10 வாரம் வச்சுக்கோங்க. முதல் 2 வாரம் ஒத்திகையே வேண்டாம். நீங்க சொன்ன 4 இடத்துக்கும் இரண்டிரண்டு பேராப் போங்க. ஒரே இடத்தை மூணு வேளையிலும் பார்க்கணும்: விடியக்காலை, 11 மணி வாக்குல, இருட்டினப்புறம். இரண்டு பேர்ல ஒருத்தர் காதை மட்டும் வச்சுக்கணும், இன்னொருத்தர் கையை மட்டும் பார்க்கணும். கைன்னா வேலை செய்யிறவங்க கை. செல்போனை நீட்டி வீடியோ எடுத்தா அடுத்த நொடியே அந்த இடம் மாறிடும், அதனால அது வேண்டாம். வெளியே வந்து அரைமணி நேரத்துக்குள்ள நோட்டுல எழுதிடுங்க. மறுநாள் எழுதுனா பேச்செல்லாம் உங்க பேச்சா மாறிப் போயிருக்கும்.

நோட்டுல மூணு பத்தி போதும். கை என்ன செஞ்சுது, வாய் என்ன சொல்லுச்சு, நடுவுல எது குறுக்கே வந்துச்சு. இந்த மூணாவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. கடைத்தெருவுல எந்தப் பேச்சும் முழுசா முடியிறதில்ல. கடன் கேட்க வந்தவர் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள ஒரு ஆளு பீடி கேட்பார், பஸ் ஹாரன் அடிக்கும், கடைக்காரருக்குப் போன் வரும். வந்தவர் கேட்காமலே டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவார். நம்ம நாடகங்கள்ல மட்டும்தான் ரெண்டு பேர் 5 நிமிஷம் இடைஞ்சலே இல்லாம மனசு விட்டுப் பேசுறாங்க. பார்க்கிறவங்களுக்கு ‘இது நாடகம்’னு தோணுற முதல் இடம் அதுதான்.

பார்த்ததையெல்லாம் துண்டுச்சீட்டுல ஒண்ணொண்ணா எழுதி சுவத்துல ஒட்டுங்க. 60, 70 சீட்டு தேறும். எந்தச் சீட்டுல வேலை எதுவும் நடக்கலையோ அதை முதல்ல கழிச்சிடுங்க. கடைசில 9 நிக்கணும். ஒண்ணுக்கு 4லிருந்து 7 நிமிஷம்னு போட்டா உங்க 50 நிமிஷம் வந்துடும்.

ஓரச்சீட்டு:

ஜீப் காட்சி பத்தி ஒண்ணு. இந்த மாதிரி நாடகத்துல அதிகமாத் தப்பா வர்றதும் இதுதான், சரியா வந்தா கைதட்டு வாங்குறதும் இதுதான்.

செட் எதுவும் வேண்டாம். 4 அடி பெஞ்சு ரெண்டை எதிரெதிரா, பக்கவாட்டுல போட்டு, டிரைவர் போக ஒரு பக்கம் 4 பேர், மறுபக்கம் 3 பேர் இடிச்சுக்கிட்டு உட்காரணும். கேரளா எல்லையில இருக்கிற போடிமெட்டு ஏறுறதுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. நடிகர்கள் என்ன பண்ணுவாங்கன்னா, வளைவுன்னு சொன்னதும் 7 பேரும் அவங்கவங்க வலது பக்கம் சாய்வாங்க. எதிரெதிரா உட்கார்ந்திருக்கிறவங்க வலது பக்கமும் எதிரெதிர்தானே, பார்க்கக் கண்றாவியா இருக்கும். நிஜத்துல வண்டி வலது பக்கம் திரும்பினா உடம்பு வண்டியோட இடது பக்கம் தள்ளும். அப்போ இடது பெஞ்சுல இருக்கிறவங்க முதுகு பின்னாடி போய் அடிக்கும், வலது பெஞ்சுக்காரங்க நெஞ்சு முன்னாடி வந்து எதிர்ல இருக்கிறவங்க முழங்கால்ல கை ஊணும். அடுத்த வளைவுல இது அப்படியே மாறும். இதுபோக ஏத்தத்துல எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாப் பின்கதவுப் பக்கம் சரிஞ்சுக்கிட்டே இருப்பாங்க. கடைசில உட்கார்ந்த ஆளு கம்பியைப் பிடிச்சு மொத்தப் பேரையும் தாங்கணும். ஏறும்போது வேகம் கம்மி, தள்ளலும் கம்மி. இறங்கும்போதுதான் தூக்கிப் போடும். காலைக் காட்சிக்கும் சாயங்காலக் காட்சிக்கும் இந்த வித்தியாசத்தை மட்டும் வச்சாலே போதும், ‘வேலை முடிஞ்சு வர்றோம்’னு யாரும் வசனம் பேச வேண்டியதில்ல.

டிரைவர் வேஷக்காரர் தொண்டைக்குள்ள ஒரு உறுமல் குடுத்து, அதை நிறுத்துறதை வளைவுக்கான சைகையா வச்சுக்கோங்க. இந்த ஒரு காட்சிக்கே நாலு அமர்வு ஒதுக்கணும்.

முந்தல்ரோடு:

ஓரச்சீட்டு அண்ணே, இதை இன்னிக்கே செஞ்சு பார்க்கிறோம். குறிப்புநோட்டு அக்கா, வசனத்துக்கு என்ன பண்றது? ஆளுங்க பேசுறதை ரெக்கார்டு பண்ணி அப்படியே மனப்பாடம் பண்ணிடலாமா?

குறிப்புநோட்டு:

ரெக்கார்டு பண்ணுங்க, ஆனா உங்க நடிகர்களை.

ஒவ்வொரு சீட்டையும் மூணு சுத்து ஓட்டணும். முதல் சுத்து 10 நிமிஷம், வேலை மட்டும். பேச்சே கிடையாது. டீ ஆத்துறவர் ஆத்திக்கிட்டே இருக்கட்டும், தரம் பிரிக்கிறவங்க பிரிச்சுக்கிட்டே இருக்கட்டும். ரெண்டாவது சுத்துல அந்த வேலைக்குத் தேவையான பேச்சு மட்டும்: ‘ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சக்கரை கம்மி’, ‘அந்த முறத்தை இங்கிட்டுத் தள்ளு’. மூணாவது சுத்துக்கு முன்னாடி ஒருத்தர் காதுல மட்டும் ஒரு காரியத்தைச் சொல்லுங்க. அவருக்கு இன்னிக்கு ராத்திரிக்குள்ள 2,000 ரூபாய் வேணும், ஆனா எல்லாரும் இருக்கையில கேட்கக் கூடாது. மத்தவங்களுக்கு இது தெரியக் கூடாது. இந்தச் சுத்தைத்தான் செல்போன்ல பதிவு பண்ணி எழுத்துல இறக்கணும். 10 நிமிஷப் பதிவுல 2, 3 நிமிஷம் தேறினா நல்ல நாள்.

தெருவுல பதிவு பண்ணினதை அப்படியே ஒப்பிச்சா ரெண்டு கஷ்டம். சொன்னவரோட மூச்சு வேற, நடிகர் மூச்சு வேற, பொருந்தாது. ரெண்டாவது, அது அவரோட பேச்சு. அவர் எதிர்ல ஜமுக்காளத்துல உட்கார்ந்திருப்பார்.

கட்டியங்காரன்:

அக்கா சொல்றது சரி, ஆனா பாதிதான். வேலையை மட்டும் தத்ரூபமாக் காட்டிக்கிட்டிருந்தா 20 நிமிஷத்துல ஊர்க்காரன் எழுந்து போயிடுவான். காலையில பார்த்ததை ராத்திரி மறுபடி எதுக்குப் பார்க்கணும்? ஒரு வேலையை எடுத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டமா மாத்தணும். ஏலக்காய் பிரிக்கிற காட்சியில அளவைச் சல்லடை பார்த்துக்கும், நிறத்தையும் வெடிப்பையும் கைதான் பார்க்கும். 4 பேர் கை முறத்துல ஓடுற வேகம் வேற வேறயா இருக்கும். அதை மெதுவா ஒரே தாளத்துக்குக் கொண்டு வந்து, உச்சத்துல ஒரே ஒரு கை நின்னா, மண்டபமே அந்தக் கையைப் பார்க்கும். வசனம் தேவையில்ல.

பறையும் கரகமும் கொண்டு வந்து நடுவுல சேர்க்கிற யோசனை இருந்தா விட்டுடுங்க. தெருக்கூத்தோட கட்டியங்காரன் கதையை நடத்திக்கிட்டே கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்னு பேசுறான், அந்த உத்தியை எடுத்துக்கோங்க. பஸ் ஸ்டாண்டுல ‘தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை’ன்னு கூவுற ஆளு ஒருத்தரே உங்களுக்குக் கட்டியங்காரன்தான்.

இன்னொண்ணு, குரல். தமிழ்ல வினை கடைசில வருது. யார், எப்போ, செஞ்சாங்களா இல்லையான்னு எல்லாமே அந்தக் கடைசி ஒட்டுலதான் இருக்கு. புது நடிகர்கள் வாக்கியத்தைப் பலமா ஆரம்பிச்சு முடிவுல மூச்சு விட்டுடுவாங்க. ‘நான் அவர்கிட்ட அப்பவே சொல்லி...’ங்கிறது வரைக்கும்தான் கேட்கும். சொன்னேனா, சொல்லலையா, சொல்லியிருக்கணுமான்னு தெரியாது. வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பழகுங்க: முதல்ல கடைசிச் சொல்லை மட்டும் மண்டபத்துக் கோடி வரைக்கும் எறியணும், அப்புறம் அதுக்கு முந்தின சொல்லைச் சேர்க்கணும்.

குண்டுபல்பு:

மண்டபம்னு சொன்னதால என் பங்கு.

மேடையை மறந்துடுங்க. அது மணமக்களுக்குக் கட்டினது. ஆழம் கம்மி, பின்னாடி அலங்காரச் சுவரு, முன்னாடி வரிசைக்கும் அதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. ஹாலோட தரையில 18க்கு 18 அடி எடுத்துக்கிட்டு மூணு பக்கம் ஆட்களை உட்கார வைங்க. முதல் ரெண்டு வரிசை ஜமுக்காளம், அப்புறம் பிளாஸ்டிக் சேர், கடைசில பெஞ்சு. 100, 120 பேர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். கடைசி ஆளு 7, 8 மீட்டருக்குள்ள இருப்பார், மைக் தேவைப்படாது.

எதிரொலிதான் வில்லன். டைல்ஸ் தரை, வெறும் சுவரு. நடுவுல நின்னு ஒரு தடவை கைதட்டிப் பாருங்க. சத்தம் ஒரு விநாடிக்கு மேல இழுத்தா தரையில ஜமுக்காளத்தை நிறைய விரிச்சு, பின்சுவத்துல பந்தல் துணியை மடிப்பு மடிப்பாத் தொங்கவிடணும். இறுக்கமா இழுத்துக் கட்டின துணியால பிரயோஜனமில்ல. ஒத்திகையில கேட்கிறதை வச்சுப் பயப்பட வேண்டாம், ஆள் நிரம்பினா பாதி எதிரொலி போயிடும். ஃபேனை நிறுத்தியே ஆகணும், 20 ஃபேன் சத்தத்துல மெதுவான பேச்சு நிக்காது. அதனால மார்கழி, தை பாருங்க.

கரெண்ட் கணக்கு: 230 வோல்ட்ல 15 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு 3,450 வாட்ஸ்தான் எல்லை. 500 வாட்ஸ் ஹாலஜன் 6 போட்டா 3,000, அதாவது 13 ஆம்பியர். அதே பாயிண்ட்ல வேற எதையும் சொருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும், சுருளை முழுசாப் பிரிச்சுப் போடுங்க. சுருட்டின நிலையில லோடு ஏத்தினா உள்ளுக்குள்ள சூடாகி உருகும். சவுண்டுக்கு வேற ஃபேஸ்ல எடுங்க, இல்லன்னா லைட்டை மங்க வைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் ‘ங்ங்’னு இரையும்.

எல்.இ.டி. பார் லைட் (PAR, மேடைக்கான விளக்கு) கிடைச்சா கணக்கு ரொம்ப எளிசு. ஆனா விலை கம்மியானது ரொம்ப மங்கலா வைக்கும்போது படிப்படியாத் தாவும். விடியக்காலக் காட்சிக்கு அதை நம்பாதீங்க. ஒரே ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பை டீக்கடை பாய்லருக்கு மேல தொங்கவிட்டு, சாதா ரெகுலேட்டர்ல மெதுவா ஏத்துங்க. அந்த மஞ்சள் வேற எதுலயும் வராது. இப்போ கடைகள்ல வர்ற எல்.இ.டி. பல்பு ரெகுலேட்டருக்கு ஒத்து வராது, பார்த்து வாங்குங்க.

டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரியிறது அழகா இருக்கும்னு வைக்கத் தோணும். அதுக்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் போட்ட பழைய 40 வாட்ஸ் வேணும். தேய்ஞ்ச ஸ்டார்ட்டர் 2 விநாடியிலும் எரியும், 8 விநாடியிலும் எரியும். அதை நம்பி யாருடைய வசனத்தையும் வைக்காதீங்க.

ஓரச்சீட்டு:

லைட் ஆப்பரேட்டருக்கு ஆள் இல்லன்னா கண்டக்டர் விசில் போதும். ஒண்ணு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா போலாம் ரைட். இது பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம். ஒரு விசிலுக்கு எல்லாரும் உறைஞ்சு நிக்கணும், ரெண்டு விசிலுக்கு அடுத்த காட்சி. இதே நாடகத்தைப் பின்னாடி பஸ் ஸ்டாண்டு வாசல்ல போடப் போறீங்கன்னா மட்டும் விசிலை எடுத்துடுங்க. நிஜ பஸ் கிளம்பிடும்.

டீ பத்தியும் சொல்லிடுறேன். ஒத்திகையில பக்கெட்டுக்கு மேல நின்னு தண்ணியில கொஞ்சம் பால் கலந்து ஆத்திப் பழகணும். வெறும் தண்ணி விழுற விதம் வேற. மேடையில அடுப்பு பத்த வைக்காதீங்க, ஃப்ளாஸ்க்ல சூடா வச்சிருந்து ஊத்தினாப் போதும். ஆவி தெரியணும்னா பின்னாலிருந்து ஒரு லைட் வரணும், முன்னாலிருந்து அடிச்சா ஆவியே தெரியாது. கீழே சாக்கு விரிக்காம விட்டுடாதீங்க, டைல்ஸ்ல ஒரு கிளாஸ் சிந்தினா அடுத்த காட்சியில யாராவது வழுக்குவாங்க.

பேனாமூடி:

எல்லாரும் கையையும் கரெண்ட்டையும் பேசிட்டீங்க. ஊரைப் பேசலையே. சிறுநகர அன்றாடம்னா டீக்கடை, பஸ்ஸு, வெள்ளந்தி மனுஷங்கன்னு முடிச்சா அது காலண்டர் படம். யார் உட்காருறாங்க, யார் நின்னுக்கிட்டே குடிக்கிறாங்க, யாரை ‘வாங்க’ன்னும் யாரை ‘வா’ன்னும் கூப்பிடுறாங்கங்கிறதுல இருக்கிற சாதியை விட்டுட்டு இந்த நாடகம் பண்ணவே முடியாது.

குறிப்புநோட்டு:

ஒத்துக்கிறேன். ஆனா அதை வசனமாச் சொல்ல வச்சா பிரசங்கமாயிடும். நீங்க சொன்ன அந்த விளியையே எடுத்துக்கோங்க. டீ ஆத்துறவர் 7 பேருக்கு டீ குடுக்கிறார். ஆறு பேருக்கு ‘அண்ணே, இந்தாங்க’. ஏழாவது ஆளு வயசுல எல்லாருக்கும் மூத்தவர், அவருக்கு ‘ஏப்பா, எடுத்துக்க’. யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல, காட்சி போய்க்கிட்டே இருக்கு. இதை நாடகத்துல ரெண்டு தடவை மட்டும் வைங்க. மூணாவது தடவை வச்சா சுட்டிக்காட்டுற மாதிரி ஆயிடும்.

யாரையும் அடையாளம் தெரிய வைக்கக் கூடாதுங்கிறது தனி வேலை. சின்ன ஊர்ல ஒரு இருமலை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரு பாத்திரத்துக்குக் குறைஞ்சது மூணு பேரைக் கலக்கணும். உடம்புக் குறை, வாய்ப்பழக்கம், வண்டியோட நிறம் மூணையும் மாத்திடுங்க. தெருப் பேரு, கடைப் பேரு வேண்டாம். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னாடி, நீங்க போய் உட்கார்ந்து பார்த்த இடத்து ஆளுங்களை மட்டும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்க. முக்கியமா தரம் பிரிக்கிற பெண்களை. அவங்க முதல்ல பிடிக்கிறது வேலையில இருக்கிற தப்பைத்தான், அந்த ஒரு வார அவகாசம் அதுக்காக. ‘இது இன்னாரு மாதிரி இருக்கு’ன்னு ஒருத்தர் சொன்னாக் கூட அந்தப் பாத்திரத்தைப் பிரிச்சுக் கலக்கணும்.

முதல் வரைவுல குடிகாரர் பாத்திரத்துக்குத் தடை போடுங்க. அவர் வந்தா 3 நிமிஷம் சிரிப்பு நிச்சயம், அப்புறம் மத்த எல்லாக் காட்சியும் அவருக்காகக் காத்திருக்கும். மலையாளம் கலந்து பேசுற எஸ்டேட் முதலாளியும் அதே வகைதான்.

கட்டியங்காரன்:

ஏலக்காய் நிஜமா வாங்கி ஒத்திகை பார்த்தா வீடு தாங்காது. காய்ஞ்ச வேப்பங்கொட்டை எடுங்க, அளவும் எடையும் கிட்டத்தட்ட வரும். புளியங்கொட்டை வேண்டாம், முறத்துல சரளைக் கல்லு மாதிரி சத்தம் போடும். நாடகத்தன்னிக்கு மட்டும் நிஜக் காய் ஒரு கைப்பிடி. காட்சி ஆரம்பிக்கையில முன்வரிசைக்குப் பக்கத்துல ஒருத்தர் சின்ன உரல்ல 15 காயைத் தட்டினா, ஃபேன் ஓடாத ஹால்ல நாலஞ்சு வரிசைக்கு வாசம் போகும்.

பேனாமூடி:

அனுமதி யாரும் சொல்லல. 1876ஆம் வருஷ நாடகச் சட்டம் இப்போ இல்ல, ரத்தாயிடுச்சு. 1954ஆம் வருஷத் தமிழ்நாட்டு நாடகச் சட்டத்தோட பிரிவுகளை 2013ல சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஸ்கிரிப்ட்டைக் காட்டி முன் அனுமதி வாங்குற பழைய காலம் போச்சு. ஆனா ஸ்டேஷன்ல கடுதாசி குடுக்காம இருந்துடாதீங்க. தேதி, நேரம், இடம், எத்தனை பேர், ஸ்பீக்கர் உண்டா, நாடகம் எதைப் பத்தின்னு ஒரு பத்தி. ரெண்டு பிரதி, ஒண்ணுல முத்திரை வாங்கிக்கோங்க. ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, அதனால 7 மணிக்கே ஆரம்பிச்சிடுங்க.

டீக்கடைன்னாலே பின்னணியில சினிமாப் பாட்டு ஓட விடத் தோணும். உரிமை விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டு வந்ததும் ஜனங்க மனசுக்குள்ள பாட ஆரம்பிச்சிடுவாங்க, காட்சி காதுல ஏறாது. டீ ஆத்துறவரே ஒரு மெட்டைத் தப்பும் தவறுமா முனகட்டும்.

முந்தல்ரோடு:

நிறையக் கிடைச்சிருச்சு, நன்றி. ரெண்டு சந்தேகம் மிச்சம். ரயிலை எப்படிக் கொண்டு வர்றது? 2010 கடைசியோட நின்ன மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதை ஆனப்புறம் 2022 மே மாசம் தேனிக்கும் 2023 ஜூன்ல போடிக்கும் திரும்பி வந்துச்சு. ஊரே அதைத்தான் பேசும். ரயில் சத்தம் போடலாமான்னு ஒரு யோசனை. இன்னொண்ணு, நடுவுல கரெண்ட் போனா?

கட்டியங்காரன்:

சத்தம் வேண்டாம் தம்பி. ஸ்பீக்கர்ல வர்ற ரயில் ஸ்பீக்கர்ல வர்ற ரயிலாத்தான் இருக்கும். தரையில குறுக்கே சுண்ணாம்புக் கோடு ஒண்ணு போடுங்க. நாடகத்தோட முதல் பாதியில எல்லாரும் அதை மிதிச்சு, தாண்டி, மேலேயே நின்னு பேசி, துணியைக் கூடக் காயப் போடட்டும். பின் பாதியில ஒருத்தர் கோட்டுக்கிட்ட வந்து நின்னு, ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டுத் தாண்டுறார். அதுக்கப்புறம் எல்லாரும் அப்படியே செய்யணும், ஒருத்தர் கூட மறக்கக் கூடாது. 12 வருஷத்துக்கு மேல விட்டுப்போன பழக்கம் உடம்புல திரும்பி வர்றது அந்தத் தலையைத் திருப்புறதுல தெரிஞ்சிடும். ரயில்ங்கிற வார்த்தையே வர வேண்டாம்.

குண்டுபல்பு:

கரெண்ட் போனா மண்டபத்து ஜெனரேட்டர் மாறி வர 10, 15 விநாடி ஆகும். ஆள் போய்த்தான் போடணும்னா 2 நிமிஷம். லைட் போர்டையும் லேப்டாப்பையும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ல போட்டுடுங்க, இல்லன்னா கரெண்ட் வந்ததும் எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். நடிகர்களுக்கு ஒரு விதி வைங்க: இருட்டினா பேச்சை நிறுத்து, வேலையை நிறுத்தாதே. சல்லடை ஓடட்டும், கிளாஸ் கழுவுற சத்தம் வரட்டும். வெளிச்சம் வந்ததும் விட்ட வசனத்துக்கு முந்தின வசனத்துல இருந்து எடுக்கணும். கடைசி வாரத்துல ஒரு ஒத்திகையில, சொல்லாம மெயினை நிறுத்திப் பாருங்க. டீசல் யார் கணக்குன்னு வாடகை பேசும்போதே எழுதி வாங்கிடுங்க, நிறைய மண்டபத்துல அது மணிக்கணக்குல தனி.